ஆட்டின் முழங்கால் எங்கே இருக்கிறது?

ஆட்டின் முழங்காலைத் தொட்டுக் காட்டச் சொன்னால் நம்மில் பலரும் முன்னங்காலின் நடுவில் மடங்குகிற மூட்டைத்தான் தொடுவோம். படுத்திருந்த ஆடு எழுந்திருக்கும்போது தரையில் ஊன்றுமே, அந்த இடம். ஆனால் அது முழங்கால் இல்லை. அது ஆட்டின் மணிக்கட்டு!

சந்தேகமாக இருந்தால் உங்கள் கையை மேசைமேல் வையுங்கள். உள்ளங்கையைத் தூக்கி, நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனி மட்டும் மேசையில் படும்படி நிறுத்துங்கள். ஆடு வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் நிற்கிறது. அந்த இரண்டு விரல்களின் நகங்கள்தான் பிளவுபட்ட குளம்பு. விரல் எலும்புகளுக்கு மேலே நீளமாக ஓடுவது உள்ளங்கை எலும்பு. அதற்கும் மேலே மடங்குவது மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு கணுக்கால். அந்தத் துருத்தல்தான் குதிகால். உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டினாற்போல ஒளிந்திருக்கிறது. நமக்கு இருப்பதைப் போலவே அங்கே ஒரு சில்லும் உண்டு.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் இருக்கிற ரமணாசிரமத்துக்குப் போயிருக்கிறீர்களா? போனால், அங்கே இருக்கும் நான்கு சமாதிகளைத் தேடிப் பாருங்கள். லட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றின் சமாதிகள் அவை. லட்சுமி 1926-இல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்தது. 1948 ஜூன் 18-ஆம் தேதி இறந்தது. ரமண மகரிஷி அதனிடம் வைத்திருந்த அன்பை இன்றைக்கும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். வாயில்லாப் பிராணிக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்று கவனிப்பதைப் பெரிய வேலையாக நினைத்த இடம் அது. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு நான் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். ஆசிரமத்திலிருந்து சமுத்திரம் ஏரிப் பக்கம் நடந்து போகிறோம், மேய்ச்சல் முடிந்து ஒரு செம்மறி மந்தை எதிரே வருகிறது, அதில் ஒரு குட்டி நொண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்து மூன்று வாரம்தான் இருக்கும். அந்தக் குட்டிக்கு என்ன ஆயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், எந்தக் கால்? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தலையைப் பார்த்தால் போதும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது ஆடு தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். உடம்பின் பாரம் வலிக்கும் காலில் இறங்காமல் இருக்க அது செய்கிற தந்திரம் இது. மந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. நூறு ஆடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போதுகூட ‘அதோ அந்தக் குட்டி காலைத் தாங்குது’ என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, குளம்பு. நம் ஊரில் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணம் கீழேதான் இருக்கும். சீமைக்கருவேல முள் குளம்பின் பிளவில் ஏறியிருக்கலாம். மழைக்காலத்தில் பட்டி சேறாகிக் கிடந்தால் குளம்பு அழுகல் வரும். கோமாரி வந்தால் குளம்போரம் புண்ணாகும். நீலநாக்கு நோய் வந்தாலும் குளம்புக்கு மேலே உள்ள தோல் சிவந்து ஆடு நடக்க முடியாமல் நிற்கும். இதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் மூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும் மருத்துவர் நல்ல மருத்துவர் இல்லை என்பேன்.

குளம்பில் ஒன்றும் இல்லை. மேலே தடவிக்கொண்டே போனால் மணிக்கட்டு மூட்டு மட்டும் புடைத்திருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. நல்ல வேளையாக நம் சமவெளிச் செம்மறிகளில் பலவற்றுக்கு உடலில் கம்பளி கிடையாது. சென்னை சிவப்பு, மேச்சேரி போன்ற இனங்களுக்கு ஆட்டுமயிர் குட்டையாகவே இருக்கும். நீலகிரிச் செம்மறிக்குத்தான் அடர்ந்த கம்பளி. அதனால் வீக்கம் இங்கே சீக்கிரம் கண்ணில் படும்.

வீக்கம் என்றால் என்ன? மூட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

இரண்டு எலும்பு முனைகள் ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு படிந்திருக்கும். சுற்றிலும் உறுதியான ஓர் உறை. அந்த உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அந்தச் சவ்வுதான் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று ஒரு திரவத்தைச் சுரந்து மூட்டுக்கு எண்ணெய் போடுகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயே கிடையாது. அதற்கு உணவும் ஆக்சிஜனும் பெரும்பாலும் இந்தத் திரவத்தின் வழியாகத்தான் போகின்றன. ஆகவே சவ்வுக்கு ஏதாவது ஆனால் குருத்தெலும்புக்கும் ஆபத்து.

அந்தச் சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. ரத்தத்தில் கிருமி வந்துவிட்டால் அங்கே எளிதாக இறங்கிவிடும். பிறந்த குட்டியின் ரத்தத்துக்குள் கிருமி எப்படி வரும்? பல நேரங்களில் தொப்புள்கொடி வழியாகத்தான். ஈரமான, அசுத்தமான பட்டித் தரையில் குட்டி விழுந்தவுடன், இன்னும் காயாத தொப்புள்கொடி கிருமிகளுக்குத் திறந்த கதவு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியா, மண்ணிலேயே வாழக்கூடிய எரிசிபெலோத்ரிக்ஸ், செல்சுவர்கூட இல்லாத மிகச் சிறிய மைக்கோபிளாஸ்மா என்று மூட்டைத் தாக்குகிற கிருமிகள் பல. எது வந்து இறங்கினாலும் உடம்பு போருக்குக் கிளம்பும். ரத்தக் குழாய்கள் விரியும்; வெள்ளை அணுக்கள் வந்து குவியும்; குழாய்ச் சுவர்களின் இடுக்கு வழியே நீர் கசியும்; சவ்வு தடிக்கும். இதைத்தான் அழற்சி என்கிறோம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கு அடையாளங்களையும் ரோமாபுரியைச் சேர்ந்த செல்சஸ் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் எல்லா வீக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அடிபட்டுத் தோலுக்கடியில் நீர் கோத்திருக்கலாம். மூட்டுக்குள்ளேயே நீர் சேர்ந்திருக்கலாம். அது சீழாக இருக்கலாம். நீரே இல்லாமல் சவ்வு மட்டும் தடித்திருக்கலாம். மூட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், அருகில் ஓடும் தசைநாணின் உறை வீங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஆட்டையே கேட்கலாம் என்றால், அது சொல்லாது. செம்மறி இரையாகும் விலங்கு. நொண்டுவதையும் முனகுவதையும் வெளியே காட்டிக்கொண்டால் ஓநாய் முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் முடிந்தவரை வலியை மறைத்துக்கொண்டு மந்தையோடு நடக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் செம்மறியின் முகத்தைப் படிக்க ஓர் அளவுகோலையே உருவாக்கினார்கள். கண் சுருங்குகிறதா, கன்னம் இறுகுகிறதா, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, உதடும் தாடையும் எப்படி இருக்கின்றன, மூக்குத்துளையின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும் முறை அது. எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சிகளில் ஒன்று. ஆனால் முகம், வலி இருக்கிறது என்றுதான் சொல்லும். மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

அதைச் சொல்ல ஒலி வேண்டும். அதுவும் நம் காதுக்கு எட்டாத ஒலி.

பெரிய சுவர் ஒன்றிலிருந்து 17 மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று கைதட்டிப் பாருங்கள். எதிரொலி தனியாகக் கேட்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவருக்குப் போய்த் திரும்ப 34 மீட்டர். அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிந்தால் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பூச்சி பிடிக்கும் சிறிய வௌவால்கள் இருட்டில் செய்வது இந்தக் கணக்கைத்தான். 1793-இல் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, கண் தெரியாத வௌவாலும் இடிக்காமல் பறக்கிறது என்று கண்டு வியந்தார். காதை அடைத்தால் அது தடுமாறுகிறது என்று அடுத்து தெரியவந்தது. ஆனால் அது எழுப்பும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லையே! 1938-இல் அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், கேளா ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன் வௌவாலைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மர்மம் விலகியது.

நம் காதுக்கு நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதற்கு மேலே போனால் மீயொலி. மருத்துவமனையில் ‘ஸ்கேன்’ என்று சொல்கிறார்களே, அதில் நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலி பயன்படுகிறது. இவ்வளவு வேகமாக எதை அதிர வைப்பது? 1880-இல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மாறாக, அதே படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கி விரிந்து அதிரும். அதாவது ஒரே துண்டு வாயாகவும் இருக்கும், காதாகவும் இருக்கும். ஆட்டின் மூட்டின்மேல் மருத்துவர் வைக்கிற ஸ்கேன் முனைக்குள் இருப்பது இப்படி அதிரும் பீங்கான் வகைத் துண்டுகள்தான், வரிசையாக.

கண்டுபிடித்தவுடன் இது மருத்துவத்துக்கு வந்துவிடவில்லை. முதல் உலகப்போரில் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட இதைப் பயன்படுத்தினார். பிறகு தொழிற்சாலைகளில் எஃகுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி வந்தது. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட் அந்த எஃகுக் கருவியை மனித உடலுக்குத் திருப்பினார். அவர் குழுவின் புகழ்பெற்ற கட்டுரை 1958-இல் வெளிவந்தது. அங்கிருந்து நம் ஆட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1966-இல் லிண்டால் என்ற ஆய்வாளர் செம்மறி சினையாக இருக்கிறதா என்று மீயொலியால் அறியும் வழியை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கால்நடை மருத்துவத்தில் மீயொலி நுழைந்த ஆரம்ப நாட்களிலேயே செம்மறி அங்கே நிற்கிறது, பாருங்கள்!

மூட்டுக்கு வந்தது அதற்கும் பிறகு. 1972-இல் மனிதரின் முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி இருப்பதை மீயொலியால் காட்டினார்கள். 1978-இல் மூட்டுவாத நோயாளிகளின் முழங்காலில் சவ்வு தடித்திருப்பதைப் பார்த்தார்கள். 1980-களில் குதிரைகளின் தசைநாண்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். ரமண மகரிஷிக்கே முதுமையில் முழங்கால்களில் வாத வலி இருந்தது. அடியவர்கள் தைலம் தேய்த்துவிடுவார்கள். அவர் 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி மறைந்தார். அன்றைக்கு உலகின் எந்த மருத்துவமனையிலும் ஒரு மூட்டின் சவ்வை மீயொலியால் பார்க்கிற வழி இல்லை. இன்றைக்கு அது ஆட்டுக்குட்டிக்கும் உண்டு.

சரி, நம் குட்டியிடம் வருவோம். கால்நடை மருத்துவர் ஒருவர் அதை ஸ்கேன் செய்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து வேண்டாம். ஆட்டுக்காரர் குட்டியைப் பிட்டத்தில் உட்காரவைத்துத் தன் முழங்கால்களுக்கு இடையில் சாய்த்துக்கொண்டால் அது பேசாமல் இருக்கும். தாயாடு கண்ணில் படுகிற தூரத்தில் நின்றால் இன்னும் நல்லது. செம்மறிக்குத் தனியாக இருப்பதே பெரிய பயம். மூட்டைச் சுற்றி மயிரைக் கத்தரித்து, சுத்தம் செய்து, பசை தடவுகிறார். அந்தப் பசை இல்லாவிட்டால் படமே வராது. ஸ்கேன் முனைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும் மீயொலியில் 99 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே திரும்பிவிடும். உள்ளே போகாது.

எந்த முனையைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு. உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். நொடிக்கு 35 லட்சம் அதிர்வு என்றால் ஓர் அலையின் நீளம் 0.44 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு கோடி அதிர்வு என்றால் 0.15 மில்லிமீட்டர்தான். அலை சிறிதானால் இன்னும் சிறிய பொருள்களைப் பிரித்துக் காட்டும். ஆனால் சிறிய அலை சீக்கிரம் களைத்துவிடும், ஆழமாகப் போகாது. வயிற்றுக்குள் இருக்கும் குட்டியைப் பார்க்க முதல் வகை. தோலுக்குச் சற்றே கீழே இருக்கும் மூட்டுக்கு இரண்டாவது வகை. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒலிக்கு ஆகும் நேரம் எவ்வளவு தெரியுமா? நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 13 பங்கு. நீங்களே 2 சென்டிமீட்டரை 1540 மீட்டரால் வகுத்துச் சரிபார்க்கலாம். இத்தனை சிறிய நேரத்தை அளந்து அளந்துதான் கருவி திரையில் புள்ளி புள்ளியாக வைக்கிறது.

திரையில் வண்ணம் இல்லை. கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். எங்கிருந்து பலமான எதிரொலி வருகிறதோ அங்கே வெள்ளை. எதிரொலியே வராத இடம் கறுப்பு. எலும்பின் மேற்பரப்பு பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் இருட்டு, ஏனென்றால் ஒலி எலும்பைத் தாண்டிப் போவதில்லை. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம்: அதுதான் மூட்டு. எலும்புக் கோட்டின்மேல் சீராகப் படிந்திருக்கும் கறுப்புப் பட்டை குருத்தெலும்பு.

நலமான மூட்டில் திரவம் மிகக் கொஞ்சமாகவே தெரியும். நம் குட்டியின் மூட்டிலோ எலும்புக்கும் உறைக்கும் நடுவே அகலமான கறுப்புப் பை. திரவம் சேர்ந்திருக்கிறது! அந்தக் கறுப்புக்குள் சாம்பல் புள்ளிகள் மிதந்து சுழல்கின்றனவா என்று மருத்துவர் உற்றுப் பார்க்கிறார். அப்படிச் சுழன்றால் அது தெளிந்த நீர் இல்லை. அணுக்களும் நாரும் கலந்தது, சீழாகவும் இருக்கலாம். பையின் ஓரத்தில் இன்னொரு சாம்பல் பகுதி தெரிகிறது. அது கெட்டிப்பட்ட திரவமா, தடித்த சவ்வா? இங்கே ஓர் அருமையான சோதனை உண்டு. ஸ்கேன் முனையை இலேசாக அழுத்த வேண்டும். திரவமானால் நழுவி வேறு பக்கம் போய்விடும். சவ்வானால் அதிகம் அமுங்காது, அங்கேயே இருக்கும். விரலின் சிறு அழுத்தத்தில் விடை கிடைத்துவிடுகிறது.

இன்னொரு சோதனைக்கு ரயில் நிலையம் வரை போய்வர வேண்டும். விழுப்புரம்–காட்பாடி பாதையில் திருவண்ணாமலை நிலையத்தை நோக்கி ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது சத்தம் கீச்சென்று உயர்ந்திருக்கும். தாண்டிப் போகும்போது தாழ்ந்துவிடும். கேட்டிருப்பீர்கள். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும் என்று 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னார். ரத்த அணுக்களும் நகர்கின்றன அல்லவா? அவற்றில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண்ணும் இம்மியளவு மாறும். கருவி அந்த மாற்றத்தைப் பிடித்து, ரத்தம் ஓடும் இடத்துக்கு மட்டும் சிவப்போ ஆரஞ்சோ பூசிக் காட்டும். அமைதியான மூட்டில் வண்ணம் ஏறக்குறைய இருக்காது. அழற்சி உள்ள சவ்வில் ஆரஞ்சுப் புள்ளிகள் மினுக்குகின்றன. செல்சஸ் தோலின்மேல் பார்த்த சிவப்பை நாம் தோலுக்கு அடியில் பார்க்கிறோம். இங்கே முனையை அழுத்தவே கூடாது. அழுத்தினால் சின்னக் குழாய்கள் நசுங்கி வண்ணம் மறைந்துவிடும். முந்தைய சோதனைக்கு அழுத்த வேண்டும், இதற்குக் கூடாது. கைப்பழக்கம் என்பது இதுதான்.

கண்ணை ஏமாற்றும் விஷயங்களும் இருக்கின்றன. குட்டியின் எலும்புக் கோட்டில் மூட்டுக்கு அருகே ஓர் இடைவெளி தெரிகிறது. எலும்பு முறிந்துவிட்டதோ? இல்லை. வளரும் எலும்பில் அந்த இடம் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. எலும்பு நீள்வதே அங்கிருந்துதான். தசைநாண் இன்னொரு ஏமாற்று. ஒலி நேர்குத்தாக விழும்போது அது வெள்ளை இழைகளாகத் தெரியும். முனை கொஞ்சம் சாய்ந்தாலும் கறுத்துவிடும், அறுந்துபோனதோ என்று பயமுறுத்தும். இப்படிச் சந்தேகம் வரும்போதெல்லாம் மருத்துவர் ஒரு காரியம் செய்வார். குட்டியின் மறுகாலிலும் மயிரைக் கத்தரித்து, அதே மூட்டை, அதே கோணத்தில் பார்ப்பார். வலிக்காத கால்தான் வலிக்கிற காலுக்கு அளவுகோல். இவ்வளவு விலை உயர்ந்த கருவி வந்த பிறகும் இந்த எளிய வழியைவிட நம்பகமானது எதுவும் இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மீயொலியால் முடியாதவையும் உண்டு. எலும்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அது காட்டாது. அதற்கு, 1895-இல் ரான்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரேதான் வேண்டும். எந்தக் கிருமி என்றும் சொல்லாது. அதற்கு மூட்டுக்குள் ஊசி போட்டுச் சில துளி திரவத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அந்த ஊசியைக் குருட்டாம்போக்கில் குத்தாமல், திரையில் ஊசி நுனியைப் பார்த்துக்கொண்டே, குருத்தெலும்பைக் கீறாமல் கறுப்புப் பைக்குள் கொண்டுபோக மீயொலி உதவுகிறது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் கற்றுக்கொடுக்கும் இடங்களில் மூத்தது, 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில் இருக்கிறது. 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று வேறு ஊர்களிலும் கல்லூரிகள் வந்துவிட்டன. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செம்மறிகள் சுமார் 45 லட்சம். அவற்றில் பெரும்பாலானவை ஒரு ஸ்கேன் கருவியைக்கூடப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கும். இது எனக்கு வருத்தம்தான். பசுவும் எருமையும் சினையா என்று பார்க்கத் தூக்கிச் செல்லும் கருவிகள் இன்று இருக்கின்றன. தக்க முனையும் பழகிய கையும் இருந்தால் குட்டியின் மூட்டையும் அவற்றாலேயே பார்க்கலாம். பத்து ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு குட்டி என்பது பள்ளிக் கட்டணமாக இருக்கும், மழைக்கால அரிசியாக இருக்கும். அந்தக் குட்டிக்கு இவ்வளவு கவனம் தேவையா என்று யாராவது கேட்டால், தேவைதான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஆட்டுக்கு மட்டுமா பயன்? செம்மறியின் உண்மையான முழங்கால், வயிற்றோரம் ஒளிந்திருக்கிறதே, அது அமைப்பில் நம் முழங்காலுக்கு மிகவும் நெருக்கமானது. அதனால் குருத்தெலும்புத் தேய்வுக்கு மருந்து தேடுபவர்கள் உலகெங்கும் செம்மறியின் முழங்காலை ஆராய்கிறார்கள். நம் பாட்டிகளின் முழங்கால் வலிக்கு நாளை ஒரு வழி பிறந்தால் அதில் செம்மறிக்கும் பங்கு இருக்கும்.

குட்டிக்குச் சிகிச்சை தொடங்குகிறது. கிருமியைக் கொல்லும் மருந்தையும் வலிக்கான மருந்தையும் மருத்துவர் எடைக்கு ஏற்பக் கொடுக்கிறார். சில நாட்களில் குட்டி ஓடத் தொடங்கிவிடும். அப்போது மறுபடியும் ஸ்கேன் செய்தால் கவனிக்க வேண்டிய ஒன்று தெரியும். வலி போய்விட்டது, ஆனால் கறுப்புப் பை முழுதாகச் சுருங்கவில்லை, சவ்வின் தடிப்பும் இன்னும் இறங்கவில்லை. வெளியே நடை சரியாகிவிட்டாலும் உள்ளே வேலை முடியவில்லை. ‘நல்லா நடக்குதே, போதும்’ என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்பும். அரிக்கப்பட்ட குருத்தெலும்பு பழையபடி வளர்வது மிக அரிது; அந்தக் கால் ஆயுளுக்கும் விறைத்துப்போகலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆடு குட்டி போடப்போகிறது என்றால், தரையை உலர்ந்ததாக வைத்திருங்கள். குட்டி பிறந்ததும் தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் வைக்கச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் குடிக்கிறதா என்று பாருங்கள். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் குட்டிக்கு வருகிறது. அதையும் மீறி ஒரு குட்டி காலைத் தாங்கினால், குளம்பில் முள் இல்லை, மூட்டு சூடாக இருக்கிறது என்றால், காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். போக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். எந்தக் கால், எந்த மூட்டு, எத்தனை நாளாக என்ற மூன்றையும் சொல்லத் தயாராக இருங்கள். முன்னங்காலின் நடுமூட்டு என்றால் அதன் சரியான பெயர் இப்போது உங்களுக்குத் தெரியும்.